பக்கத்துப் பலகையில் வந்த முகம்

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய கைகளைத் தெரியும். முகம் தெரியாது. பேருந்து நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரில் புகை படிந்த கண்ணாடி ஒன்று இருக்கிறது; அதன் அடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகச் சீட்டையும் சில்லறையையும் தள்ளிவிடும் கைகள்தான் அவள். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் பிரயாணி குனிய வேண்டும், பஸ் பிடிக்கும் அவசரத்தில் யாரும் குனிவதில்லை. கடைத்தெருவில் அவள் எதிரே வந்தால் ஒருவரும் தலையசைப்பதில்லை. காய்கறிக் கடையில் அவள் சில்லறை எண்ணும்போது மட்டும், இந்த அம்மாவை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தோன்றும். அதற்குள் எண்ணி முடித்துவிடுவாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் ஊர் ஓவியர் சங்கம் முகம் வரைவதற்காகத் தேடிப் பிடித்தது. அதில் எந்த முரணும் சங்கத்துக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வேண்டியது அசையாமல் உட்காரும் ஓர் ஆள். கவுன்ட்டரில் காலம் முழுக்க உட்கார்ந்து பழகியவள், தும்மல் வந்தால்கூட அனுமதி கேட்டுவிட்டுத் தும்முகிறவள். சிலை அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்றும் அவள் சொன்னதில்லை.

சங்கத்தின் ஓவியக்கூடம் ஒரு காலத்தில் ஐஸ் தொழிற்சாலையாக இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவருக்குள் தக்கை அடைத்திருக்கிறார்கள். ஆணி அடித்தால் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கி, அதே சுலபத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே ஐஸ் கட்டிகளைத் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போன இரும்புத் தண்டவாளத்திலேயே, அதே கொக்கிகளில், படங்களை மாட்டுகிறார்கள். வாசலின் கனத்த கதவை யாராவது திறந்தால் காற்று உள்ளே பாயும். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசாக ஆடி, ஒன்றன்பின் ஒன்றாக அடங்கும். ஐஸ் போய் எத்தனையோ வருஷமாகியும் கணுக்காலுக்குக் கீழே குளிர் மிச்சமிருக்கிறது. கலையை ரசிக்க வருகிறவர்கள் அதிக நேரம் நிற்காமல் போவதற்கு அதுதான் காரணம் என்று சங்கம் நம்புகிறது.

ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்னால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; எல்லாருக்கும் மாஸ்டர். வரைகிறவர்கள் ஒரு டஜன் பேர். பல் டாக்டர், பியூட்டி பார்லர் நடத்தும் அம்மா, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பேக்கரிக்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு உள்ளவர்கள். கூடத்தின் நடுவில் தொங்கும் ஒரே ஒரு பெரிய விளக்குக்கு அடியில் சிலை அக்காவின் நாற்காலி. அவளைச் சுற்றி முழு வட்டமாக, முழங்கால் இடிக்க, மற்றவர்கள். முழு வட்டம் என்றால் சிலருக்கு முகம், சிலருக்குக் காது, சிலருக்குக் கொண்டை. இந்த அநீதியை மாஸ்டர் ஓர் ஏற்பாட்டின் மூலம் தீர்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் நாற்காலி ஓர் இடம் திரும்பும். எல்லாருக்கும் முகம் முறை வரும். "இந்த வாரம் முகம் யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள், குழாய்த் தண்ணீர் முறை கேட்பது போல.

முறை வராத வாரங்களில் என்ன செய்வது? பக்கத்து ஆள் கான்வாஸை வைத்து வரையும் பலகையைப் பார்க்க வேண்டியதுதான். முறை வந்த வாரத்திலும் பெரிய மாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. காரணம் மரியாதை. ஒரு வயதான பெண்மணியை இரண்டு மணி நேரம் உற்றுப் பார்ப்பது எப்படி? பல் டாக்டர் தினமும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவர், ஆனால் வாய் மூடியிருக்கிற முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். பார்லர் அம்மா படுத்திருக்கும் முகங்களைத்தான் பார்த்துப் பழகியவர். எதிரே உட்கார்ந்து திருப்பிப் பார்க்கும் முகம் அவருக்குப் புதிது. எனவே முகம் கிடைத்தவரும் ஒரு தடவை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கண்ணை இடது பக்கம் திருப்பிக்கொள்வார். மாஸ்டர் பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொரு பலகையிடமும் "ம்… வருது" என்பார். அவரவருக்கு "ம்" தனக்கும் "வருது" பக்கத்தாளுக்கும் சொன்னதாகத் தோன்றும். உடனே பக்கத்தாளைப் பார்த்துத் தன்னுடையதைத் திருத்திக்கொள்வார்கள்.

உட்காருகிறவர் படத்தைத் திறப்பு விழா அன்றுதான் பார்க்கலாம் என்பது சங்கத்தின் விதி. முந்தின வருஷம் உட்கார்ந்த தபால்காரர் டீ இடைவேளையில் ஒரு பலகையை எட்டிப் பார்த்து, "இது என் காதா, கதவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான், அதன் பிறகு சங்க உறுப்பினர்களின் தபால்கூடத் தாமதமாக வந்ததாகக் கேள்வி. ஆகவே சிலை அக்கா பார்த்ததெல்லாம் பலகைகளின் முதுகுகள். அவளுக்கு அதில் குறையில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பழகியவளுக்குப் பலகைக்குப் பின்னால் இருப்பது ஒரு பதவி உயர்வு மாதிரி.

கண்காட்சிக்கு "ஒரு முகம், பல பார்வை" என்று தலைப்பு. ரிப்பன் வெட்ட ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டிருந்தார்கள். கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு சிலை அக்கா பக்கத்தில் நின்றாள். அவர் வெட்டினார், கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார், உள்ளே போய் முதல் படத்தின் முன்னால் நின்று, அந்த அம்மாவை நேரில் பார்ப்பது போலவே இருக்கிறது என்று பாராட்டினார். யாரும் சிரிக்கவில்லை. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதோடு உள்ளே போனாள்.

முதல் படம் அவள் இல்லை. அதில் அவளுக்கு வியப்பில்லை; பேக்கரிக்காரருடைய கை அப்படி. இரண்டாவதும் அவள் இல்லை. மூன்றாவதற்குப் போகும்போது யாரோ கதவைத் திறந்தார்கள். படங்கள் வரிசையாக ஆடின. ஆடி அடங்கும்போது அத்தனை படத்திலும் இருப்பது ஒரே பெண் என்பதும், அந்தப் பெண் யார் என்பதும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தது. ஒடுங்கிய தாடை. கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலில் குறை கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. இடது புருவத்தில், நடுவில், முடி முளைக்காத ஒரு வெட்டு. சின்ன வயதில் தங்கை குளியலறைக் குழாயில் மோதி விழுந்து அடிபட்டபோது தூக்கிக்கொண்டு ஓடியவள் இவள்தான்.

கத்தரிக்கோல் தட்டிலிருந்து வழுக்கி விழுந்தது. சத்தம் பெரிதாக இருந்ததால் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்; அன்றைக்கு அவளைப் பார்த்தது அப்போதுதான்.

வீட்டில் அவளைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் கூப்பிடுவார்கள். சின்னவள் பத்தொன்பது வயதில் ஒரு மத்தியானம் கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். யாரோடும் ஓடவில்லை. ஓடியிருந்தால் அக்கம்பக்கத்துக்கு ஒரு விளக்கமாவது கிடைத்திருக்கும். முந்தின நாள் அம்மாவுக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை. எதைப் பற்றி என்பது இப்போது அம்மாவுக்கே நினைவில்லை, அல்லது நினைவில்லை என்று சொல்லிக்கொள்கிறாள். இந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று அம்மா சொன்னாள். பிறகு தையல் கத்தரியை எடுத்து உட்கார்ந்து போட்டோக்களிலிருந்து அவளை வெட்டி எடுத்தாள். ஒழுங்காக, ஓரம் பிசிறாமல் வெட்டினாள். ஒரு போட்டோவில் மட்டும் சின்னவளின் கை பெரியவள் தோளில் கிடந்தது. அதை வெட்டினால் தோள் போய்விடும். ஆகவே கை மட்டும் இன்னும் இருக்கிறது, ஆள் இல்லாமல்.

சின்னவள் இல்லாத வீட்டில் பெரியவள் என்று கூப்பிட அவசியமில்லாமல் போயிற்று. கொஞ்ச காலத்தில் அந்தப் பெயரும் வீட்டை விட்டுப் போனது. அப்பா காலமானார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் "இந்தா", "இங்க பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

டிக்கெட் கவுன்ட்டர் வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டதில் ஒரு கணக்கு இருந்தது. திரும்பி வந்த ஆள் மறுபடி புறப்பட வேண்டுமானாலும் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் ஓட்டை வழியாக அவளுக்கும் கைகள் மட்டுமே தெரிந்தன. தங்கையின் முகம் நினைவிலிருந்து வருஷத்துக்கு வருஷம் கழன்று, கடைசியில் அந்தப் புருவம்தான் மிஞ்சியது. புருவத்தைச் சுற்றி ஒரு முகத்தை உட்கார வைக்க எவ்வளவோ முயன்றிருக்கிறாள். வந்ததில்லை.

இப்போது ஐஸ் கூடத்தில் வந்திருக்கிறது. அதுவும் பத்தொன்பது வயதில் இல்லை. கன்னம் இறங்கி, காதோரம் நரைத்து, இன்றைக்கு இருந்தால் என்ன வயதோ அந்த வயதில். அப்படியானால் இந்த டஜன் பேரில் யாரோ ஒருவர் அவளைப் பார்த்திருக்கிறார். சமீபத்தில் பார்த்திருக்கிறார். அது யார் என்று தெரிந்தால் சின்னவள் இருக்கும் இடம் தெரியும்.

திறப்பு விழாவில் யாரும் பிஸ்கட்டை முடிப்பதற்குள் அவள் பல் டாக்டரிடம் போய்விட்டாள். இந்தப் பெண்ணை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். டாக்டர் அதைப் புகாராக எடுத்துக்கொண்டார். முகம் சிவந்து, படம் உங்களைப் போல் இல்லைதான், மன்னிக்க வேண்டும் என்றார். அவள் மறுபடி கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, உண்மையச் சொல்லிடறேன். நான் உங்களப் பாத்து வரையல. பார்லர் அம்மா போர்டைப் பாத்துதான் வரைஞ்சேன். வெளில சொல்லிடாதீங்க."

மறுநாள் வேலை முடிந்ததும் பார்லருக்குப் போனாள். நாற்காலியில் ஒரு வாடிக்கைக்காரி கண்ணை மூடிக் கிடந்தாள். பார்லர் அம்மா நூலை வாயில் கடித்தபடி புருவம் திருத்திக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு நூலை விடாமலே பதில் சொன்னார். தான் பார்த்தது கணக்கு சார் பலகையை. கணக்குப் போடுகிறவர் அளவு தப்ப மாட்டார் என்ற நம்பிக்கை. அந்தப் புருவத்து வெட்டு மட்டும் தொழில்ரீதியாக அவரை உறுத்தியது.

"அத நான் சரி பண்ணிடலாம்னுதான் பாத்தேன்க்கா. பென்சில எடுத்துட்டுப் போனா கை நிக்குது. தெனம் எத்தன புருவத்த ஒட்ட வெக்கிறேன், அது ஒட்டல."

கணக்கு சார் பேக்கரிக்காரரைக் காட்டினார். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து இன்னொருவரைக் காட்டினார். அவர் அடுத்தவரை. கேட்ட இடத்திலெல்லாம் அதே தாழ்ந்த குரல், அதே வெளில சொல்லிடாதீங்க. ஒரு வாரம் இப்படி வீடு வீடாகப் போனாள். கடைசி ஆள் ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. மிச்சம் அவர் ஒருவர்தான். அவர் துணியை உதறி மடித்துக்கொண்டே, தான் பார்த்தது பல் டாக்டர் பலகையை என்றார்.

அவள் கணக்கு சாரிடம் திரும்பிப் போனாள். அவர் கேட்டுவிட்டுச் சாக்பீஸ் எடுத்து, தரையிலேயே ஒரு வட்டம் போட்டார், கையெழுத்துப் போல அவ்வளவு அழகான வட்டம். டாக்டர் இங்கே, பார்லர் இங்கே, நான் இங்கே என்று புள்ளி வைத்துக்கொண்டு வந்து ஆரம்பித்த புள்ளியிலேயே முடித்தார். வட்டத்துக்கு ஆரம்பம் கிடையாது, ஆகவே முதலில் பார்த்தவர் என்று யாரும் இல்லை என்றார். ஒருவர் தப்பை இன்னொருவர் எடுத்து, அதில் தன் தப்பைச் சேர்த்து, சுற்றிச் சுற்றி வந்ததில் எல்லாத் தப்பும் ஒரு சராசரிக்கு வந்து நின்றுவிட்டது. இது யாருடைய முகமும் இல்லை என்றும் விளக்கினார். அவருக்கு விளக்கம் திருப்தியாக இருந்தது.

"சராசரிக்குப் புருவத்துல வெட்டு விழுமா சார்?"

கணக்கு சார் சாக்பீஸை மேஜையில் வைத்தார். அதன் பிறகு மனைவியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார்.

இத்தனை ஞாயிறு சுற்றி உட்கார்ந்தும் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு வருத்தமாக இல்லை. அது பழகியது. பார்க்காமலே யாரைப் பார்த்தார்கள் என்பதுதான் இரவில் புரண்டு படுக்க வைத்தது. பார்த்தவர் இல்லாமல் ஒரு முகம் வந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும் என்று ஒரு நினைப்பு வரும். அந்த அர்த்தத்தை அவள் உள்ளே விடாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஒருவேளை, தான் உட்கார்ந்தபடியே அவளை நினைத்துக்கொண்டிருந்ததால் இருக்குமோ என்றும் யோசித்தாள். ஆனால் உட்கார்ந்தபோது அவள் நினைத்ததெல்லாம் கால் மரத்துப் போவதைப் பற்றித்தான். அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

ஒருவேளை அது சின்னவளே இல்லையோ? அந்த முகம் நினைவிருக்கக்கூடிய இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான். அம்மாவிடம் நேராகச் சொல்ல முடியாது. என் படம் மாட்டியிருக்கிறார்கள், வந்து பார் என்று கூட்டிக்கொண்டு போனாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்த அம்மா, உன்னைப் பார்க்க நான் இவ்வளவு தூரம் நடக்கணுமா, வீட்டில் பார்க்கிறது பத்தாதா என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

கூடத்தில் அந்த மத்தியானம் வேறு யாரும் இல்லை. அம்மா முதல் படத்தின் முன்னால் நின்றாள். நகர்ந்தாள். தடி சிமென்ட் தரையில் தட்டும் சத்தம் ஒவ்வொரு படத்துக்கும் நின்று, மறுபடி தொடங்கியது. சுற்றி முடித்து முதல் படத்துக்கே வந்துவிட்டாள். பெரியவள் சுவரோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது சின்னவள்தான் என்று அம்மா சொன்னால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் அதையும் தாங்க வேண்டும்.

"பெரியவளே," என்றாள் அம்மா.

அந்தப் பெயருக்கு அவள் செருப்பிலிருந்து கண்ணைத் தூக்கினாள்.

"இவளுக்கு எப்படி இவ்ளோ வயசாச்சு?"

பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. இத்தனை காலமும் பத்தொன்பது வயதிலேயே நின்றுவிட்ட ஒருத்தியோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், தன் பங்குக்கு மட்டும் கிழவியாகி நின்றாள். ஒருத்தர் கூட ஒழுங்கா சாப்பாடு போடலையா, கன்னத்தைப் பார் என்று யாரையோ திட்டினாள். அப்புறம் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாத அந்தப் பேரை எடுத்தாள். சத்தமாக இல்லை; அடுத்த அறையில் இருப்பவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற அளவுக்கு. கதவு மூடித்தான் இருந்தது. படங்கள் ஆடியதாகப் பெரியவள் இன்றைக்கும் சொல்கிறாள். ஆடவில்லை என்று அம்மா சொல்கிறாள். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவர்கள் யாரையும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அப்படித்தான் சொன்னாள், படத்தை வாங்கிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. பல் டாக்டர் தன் படத்தை மகிழ்ச்சியோடு இரவல் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் படத்தை ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய போர்வையில் சுற்றி எடுத்துவந்து அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினாள். அம்மா எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி இது?"

"டாக்டர் வரைஞ்சதும்மா."

"டாக்டர் மாதிரிதான் இருக்கு."

உண்மைதான். தனியே மாட்டினால் அது ஒரு கோணல் படம், அவ்வளவுதான். மூக்கு ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். புருவத்தில் வர்ணம் படாமல் விட்டுப்போன இடம். மறுநாள் திருப்பி எடுத்துக்கொண்டு போய் அதே கொக்கியில் மாட்டினாள். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். வரிசையில் சேர்ந்ததும் சின்னவள் திரும்பி வந்துவிட்டாள். அவள் எந்தப் படத்திலும் இல்லை. எல்லாவற்றிலும் சேர்ந்துதான் இருந்தாள். அவர்கள் வீட்டிலோ இரண்டே அறை. அத்தனைக்கும் சுவர் இல்லை. சுவர் இருந்தாலும் மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். கான்வாஸ் சங்கத்தின் சொத்து. கண்காட்சி முடிந்ததும் வெள்ளை அடித்து அடுத்த வகுப்புக்கு எடுத்துக்கொள்வது வழக்கம்.

இந்தத் தடவை வெள்ளையடிப்பில் சங்கம் வழக்கத்தைவிட அவசரம் காட்டியது. வந்து பார்த்தவர்கள் கேலி செய்துவிட்டார்கள். ஒரு முகம், பல பார்வை என்று எழுதி மாட்டியிருக்கிறீர்கள், அந்த ஒரு முகத்தை ஒருவரும் பார்த்த மாதிரி தெரியவில்லையே என்று யாரோ கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம். மாஸ்டருக்கு அவமானம். சிலை அக்காவின் வீட்டுக்கே வந்து, நடந்ததற்குப் பரிகாரமாக அதே கான்வாஸ்களில் அவளை மறுபடி வரையப் போவதாகச் சொன்னார். இந்த முறை வட்டம் கிடையாது. எல்லாரும் முன்னால், ஆளுக்கு ஆள் நடுவில் தட்டி. பக்கத்தில் பார்க்க வழியே இல்லை. "உங்க முகத்த அப்படியே கொண்டு வந்துடறோம்" என்றார். நல்ல மனிதர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

முதல் ஞாயிறு போனாள். கான்வாஸ்கள் வெள்ளையாகச் சாய்ந்திருந்தன. தட்டிகள் வரிசையாக நின்றன, தேர்தல் சாவடி போல. அவற்றுக்கு இடையில் ஒரு டஜன் பேர், உற்றுப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை. பழையபடி வட்டமாகப் போடுங்கள் என்றாள்.

அவள் பெருந்தன்மையாகச் சொல்கிறாள் என்று நினைத்து எல்லாரும் மறுத்தார்கள். பார்லர் அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் உங்களை மதிக்காமல் போய்விட்டோம், ஈடு செய்ய விடுங்கள் என்றார். அப்போதுதான் சிலை அக்கா தங்கையைப் பற்றி அவர்களிடம் சொன்னாள். போன விதம், வெட்டிய போட்டோக்கள், புருவம். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று.

"என்ன நான் தெனம் கண்ணாடில பாக்கறேன்," என்றாள். "அவளப் பாக்க எனக்கு வேற வழி இல்ல."

கணக்கு சார் தன் தட்டியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து விளக்குக்குப் பக்கத்தில் போட்டார். ஒரே தப்பு இரண்டாவது தடவையும் அதே மாதிரி விழுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். சொல்லிக்கொண்டே மற்றவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. முகம் வரவில்லை. விஷயம் தெரிந்துவிட்டதால் எல்லாரும் உதவி செய்தார்கள், அதுதான் கெடுத்தது. பல் டாக்டர் புருவ வெட்டை வலது பக்கம் போட்டார். பேக்கரிக்காரர் இரண்டு பக்கமும் போட்டார். தாடையை ஒடுக்கச் சொல்லி ஒருவருக்கொருவர் நினைவுபடுத்தினார்கள். அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்போதுகூட, காப்பியடிக்கும்படி அனுமதி வாங்கியவர்களைப் போல் வெளிப்படையாகப் பார்த்தார்கள். மாஸ்டர் பின்னால் நடந்தார். "ம்" மட்டும் சொன்னார். தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்து செய்வது மாதிரி கஷ்டம் வேறில்லை என்று டீ குடிக்கும்போது வருத்தப்பட்டார். சிலை அக்காவுக்குப் பலகை முதுகுகள்தான் தெரிந்தன. ஆனாலும் வரவில்லை என்பது தெரிந்தது. ஒருமுறை கிடைத்ததைத் தானே வெள்ளையடிக்க விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு அம்மாவும் கிளம்பிவிட்டாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லையாம். வட்டத்துக்கு வெளியே தடியோடு நடந்தபடி வாய் ஓயாமல் பேசினாள். பூட்டி வைத்த பேச்சு, திறந்ததும் நிற்கத் தெரியவில்லை. சின்னவள் எப்படிப் பொய் சொல்வாள், சர்க்கரை டப்பாவை எப்படிக் காலி செய்துவிட்டு எறும்பின் மேல் பழி போடுவாள், ராத்திரி எப்படி அக்காவின் பக்கம் நகர்ந்து நகர்ந்து அவளைக் கட்டிலிலிருந்து தள்ளுவாள். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரைகிறவர்களையும் விடவில்லை. நீ பல் டாக்டரா, உன் பல்லை யார் பார்க்கிறார்கள் என்றாள். பேக்கரிக்காரரிடம் போன வாரத்து ரொட்டி கல் மாதிரி இருந்ததாகப் புகார் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள், பதில் சொன்னார்கள், சங்கடப்பட்டார்கள். உதவி செய்ய வேண்டும் என்பதை மறந்தார்கள். இரண்டு பெண்களின் விஷயத்தில் இவ்வளவு தூரம் நுழைந்துவிட்டோமே என்ற பழைய கூச்சம் திரும்பி வந்தது. கண்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து, இடது பக்கம் போயின. தூரிகைகள் மட்டும் ஓடின. மாஸ்டர் வாய் திறக்கவில்லை.

கூடம் குளிர்ந்திருந்தது. அம்மா ஏதோ ஒரு மழைநாளின் கதையில் இருந்தாள். சின்னவள் நனைந்துவிட்டு வந்து, நனையவே இல்லை என்று சாதித்த கதை. "தலையில இருந்து சொட்டுது, அப்பவும் என்ன நேராப் பாத்து அவ சொல்றா" என்று ஆரம்பித்தவள், பார்லர் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்தபோது நின்றுவிட்டாள். வாக்கியம் அப்படியே நின்றது. தடியும் நின்றது.

பார்லர் அம்மா திரும்பவில்லை. ஒருவரும் திரும்பவில்லை.

சிலை அக்காவுக்குத் தெரிந்தது அம்மாவின் முகம் மட்டும், பலகையின் மேல்விளிம்புக்கு மேலே. அந்த முகத்தில் முதலில் கோபம் வந்தது, பழைய கோபம், முழுசாக. பிறகு அது எங்கே போவது என்று தெரியாமல் நின்று, போனது. அம்மா கையைத் துழாவிப் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். அதன் கால்கள் தரையில் உரசிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பலகைக்கு நேராக, வீட்டுக்கு வந்த ஆளோடு பேச உட்காருவது போல உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"எப்ப வந்த?" என்று கேட்டாள்.

பெரியவள் அசையவில்லை. கழுத்து நரம்பெல்லாம் அந்தப் பக்கம் இழுத்தது. தான் ஒரு விரல் அளவு திரும்பினாலும் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து தன்னைப் பார்த்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.